பசுந்தாங்கில் உயர்ந்த கைகள்

போன வாரம், பத்திரிகைத் தொழில் பழக வந்திருக்கும் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். யாரென்று சொல்ல மாட்டேன். சொன்னால் மற்றவர்கள் அவரைச் சும்மா விடமாட்டீர்கள். கையில் தடியாக ஓர் ஆங்கிலப் புத்தகம். பர்மா இந்தியாவை விட்டுப் பிரிந்த கதையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாராம். ஒரு பக்கத்தில் காகிதத் துண்டு செருகி வைத்திருந்தார். ரங்கூனில் பசுந்தாங் வட்டாரத்துப் பர்மியர்கள் பொதுக்கூட்டம் கூடி, ஏகமனதாகக் கை தூக்கிப் பிரிவினையை ஆதரித்தார்கள் என்று அதில் ஒரு வரி இருந்தது. அடிக்குறிப்பில் ஆதாரமாக அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகை ஒன்றின் பெயர்.

"ஐயா, அப்ப நீங்க நிருபரா இருந்தீங்களே, இது நெஜமா?" என்று கேட்டார்.

நான் அந்தக் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்தவன். அந்த வரியை எழுதியவரையும் தெரியும். அவர் எங்கே நின்று எழுதினார் என்பதும் தெரியும். வந்தவருக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுத்து, எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

பிரிந்த கதைக்கு இன்று ஆளுக்கொரு பாடம் இருக்கிறது. பர்மியர்கள் கேட்டு வாங்கினார்கள் என்கிறார் ஒருவர். வெள்ளைக்காரன் தன் வியாபாரத்துக்காக வெட்டிவிட்டான் என்கிறார் அடுத்தவர். நம் ஆட்களின் வட்டிக் கடையும் கூலிப் போட்டியும்தான் காரணம் என்று ஒரு கட்சி. பர்மியர்களில் பாதிப் பேர் வேண்டாம் என்றுதானே சொன்னார்கள், யார் கேட்டது என்று இன்னொரு கட்சி. எல்லாரிடமும் கத்தை கத்தையாக ஆதாரம் இருக்கிறது. எனக்கு முழுக் கதை தெரியாது. ஒரு சாயங்காலமும் அதற்கு மறுநாள் பகலும் மட்டும் தெரியும்.

அது இருபதுகளின் கடைசி. பர்மாவுக்கு என்ன மாதிரி அரசியல் அமைப்பு கொடுப்பது என்று விசாரிக்க லண்டனிலிருந்து ஒரு கமிஷன் வரப்போவதாகப் பேச்சு. வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமே என்று ஊர் முழுக்கத் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தெருவில் பிரிய வேண்டும் என்று தீர்மானம். அடுத்த தெருவில், இப்போது பிரிந்தால் இந்தியாவுக்குக் கிடைக்கிற சீர்திருத்தம்கூட நமக்குக் கிடைக்காது, இது வெள்ளைக்காரன் தந்திரம் என்று தீர்மானம். நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நிருபர். மாலையில் வெளிவரும் பத்திரிகை. பர்மிய மொழி தெரிந்தவன் என்பதால் எல்லாக் கூட்டமும் என் தலையில்தான் விழும்.

பசுந்தாங் கூட்டம் ஒரு பொங்கி மடத்துச் சாவடியில் நடந்தது. பொங்கி என்று நாங்கள் சொல்வது பௌத்தத் துறவியை. சாவடி மரத்தால் ஆனது, தரையிலிருந்து நாலைந்து படி உயரம். படிக்குக் கீழே செருப்புகளைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். காலில் எதையும் போட்டுக்கொண்டு புத்தர் இருக்கும் இடத்தில் ஏறுவது அவர்களுக்குப் பெரிய அவமரியாதை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளைக்காரர்கள் பூட்ஸோடு ஏறியதற்காக ஊரே கொந்தளித்து ஓய்ந்திருந்தது. நமக்கு இதில் சிரமம் கிடையாது. கோயிலுக்குப் போகிற பழக்கம்தான். செருப்பை உதறிவிட்டு உள்ளே போய் ஓரமாகப் பாயில் உட்கார்ந்தேன்.

ஆங்கிலப் பத்திரிகை நிருபர் எனக்குப் பின்னாலேயே வந்தார். அவரும் சென்னைப் பக்கத்து ஆள்தான், நல்ல நண்பர். ஆனால் உடுப்பு விஷயத்தில் கவர்னருக்குத் தம்பி. முழங்கால்வரை காலுறை, அதன்மேல் பின்னிப் பின்னிக் கயிறு கட்டிய பூட்ஸ். அதைக் கழற்றவும் மாட்டவும் அவருக்கு ஒரு நாற்காலியும் நிறையப் பொறுமையும் வேண்டும். படியைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்து, "இங்கேர்ந்தே தெரியுது, நீ போ" என்றார். கூட்டம் முடியும்வரை செருப்புக் குவியலுக்கு நடுவில் நின்றுகொண்டே குறிப்பு எடுத்தார். அங்கிருந்து பார்த்தால் அத்தனை பேரின் முதுகுதான் தெரியும்.

மேடையில் நடுவே மூத்த பொங்கி ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதலில் அவர் கொல்லாமை, பொய்யாமை முதலான சீலம் சொல்லிக்கொடுத்தார், மக்கள் திருப்பிச் சொன்னார்கள். பிறகு வக்கீல் ஒருவர் தலைமை வகித்துப் பேசினார். நன்றாகவே பேசினார். இந்தியாவோடு ஒட்டிவைத்திருப்பதால் நம் அரிசியின் வரும்படி எங்கேயோ போகிறது, நம் வேலைக்கு எங்கிருந்தோ ஆள் வருகிறான், நம் வீட்டை நாம் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்டார். ஒரு கிழவர் எழுந்து, பிரிவது சரி, பிரித்துவிட்டு வெள்ளைக்காரன் நம் தலையில் ஏறி உட்கார்ந்தால் என்ன செய்வது என்றார். அவரைக் கையமர்த்தினார்கள். வக்கீல் தீர்மானத்தைப் படித்து, ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பொங்கி எழுந்துவிட்டார். வயதானவர், இருட்டுமுன் மடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்திருக்கலாம். பொங்கி எழுந்தால் பர்மியர்கள் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் கூப்பி நெற்றிக்கு மேல் உயர்த்துவார்கள். இது யாரும் சொல்லிச் செய்வதில்லை. சாவடி முழுவதும் கைகள் ஏறின. அவர் நடந்து போகும்வரை இறங்கவில்லை. இறங்கியதும் வக்கீல், தீர்மானம் நிறைவேறியது என்றார். சிலர் ஒற்றைக் கையை உயர்த்தியதையும் நான் பார்த்தேன். பெரும்பாலும் கூப்பிய கைகள். எதிர்ப்பவர்கள் யார் என்று கேட்கவே இல்லை.

மறுநாள் காலை ஆங்கிலப் பத்திரிகையில் ஏகமனதாக என்று வந்துவிட்டது. எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்தப் பத்திரிகையின் முதலாளிகளுக்குப் பிரிவினைதான் பிடிக்கும். நண்பருக்கு முதுகும் உயர்ந்த முழங்கைகளும்தான் தெரிந்திருக்கும். அவர் பொய் எழுதவில்லை. பூட்ஸைக் கழற்றவில்லை, அவ்வளவுதான்.

நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைத்திருந்தேன். எங்கள் ஆசிரியர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். எனக்கு இந்தத் தொழிலில் தெரிந்ததில் பாதி அவர் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தது. எப்போதும் வாயில் வெற்றிலை. தலைப்புகளை நின்றுகொண்டுதான் எழுதுவார். அன்றைக்கு அவர் முன்னால் ஒரு தலைப்பு தயாராக இருந்தது: பிரிவினைக்குக் கை தூக்கியது பசுந்தாங்! ஆங்கிலச் செய்தியை அப்படியே மொழிபெயர்த்து அடியில் போட்டிருந்தார். எங்கள் பத்திரிகை பிரிவினைக்கு எதிர்க்கட்சி. நம்மை விரட்டப் பார்க்கிறார்கள் என்று காட்ட இதைவிட நல்ல செய்தி கிடைக்காது என்பது அவர் கணக்கு. அன்றைக்குப் பிரதிகள் பறக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"ஓய், உன் ரிப்போர்ட்டைப் படிச்சா ஒரு எழவும் புரியல. தூக்கினானா, தூக்கலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றார்.

இரண்டுமே முழு உண்மை இல்லை என்றேன். முழு உண்மைக்கு இடம் இல்லை, முதல் பக்கத்தில் ஒரு பத்திதான் பாக்கி என்றார். கீழே அச்சுக்கோப்பவர்கள் காத்திருந்தார்கள். இப்படி நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் வீராசாமி படியேறி வந்தார்.

வீராசாமியை அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பசுந்தாங் ஓடைக் கரையில் விறகுக் கடை. படகில் வரும் கட்டைகளைப் பிளந்து அரிசி ஆலைக் கூலிகளின் அடுப்புகளுக்கு விற்பவர். சின்ன வயதில் கப்பலேறி வந்து, மா சேன் என்ற பர்மியப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர். கடை இருந்த மனை அந்த அம்மாளுடையது. ஒரு பெண் குழந்தை. அப்பா ராஜாத்தி என்று கூப்பிடுவார், அம்மா வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், குழந்தை இரண்டுக்கும் ஓடிவரும்.

அவர் உட்காரவில்லை. காலையில் டீக்கடையில் ஒரு மேஸ்திரி ஆங்கிலப் பேப்பரைப் படித்துச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்த ஒருவன், உங்கள் வீட்டம்மாவும் அந்தச் சாவடியில்தான் உட்கார்ந்திருந்தது, அதுவும் கை தூக்கிற்று என்று சொல்லிவிட்டான். வீராசாமி நேராக வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டிவிட்டார். குழந்தையின் துணியும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. மறுநாள் சென்னைக்குக் கப்பல். பெட்டியைக் கட்டிய பிறகு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது, அதனால் எங்களிடம் வந்திருக்கிறார்.

"இங்கிலீஷ் பேப்பரை நான் நம்பல. தமிழ்ப் பேப்பர்ல என்ன போடுவீங்களோ அதுதான் எனக்கு. தம்பி நேத்து அங்க இருந்ததாச் சொன்னாங்க. சொல்லுங்க தம்பி. அவ கை தூக்கினாளா?"

அவருக்குப் பின்னால் படி முடியும் இடத்தில் மா சேன் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தோம். அவரைத் தொடர்ந்தே வந்திருக்கிறாள். அழவில்லை. வேகமாக நடந்து வந்ததில் மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டிருந்தது. புருஷன் போவது ஒரு பக்கம்; குழந்தை கப்பலேறிவிட்டால் திரும்பக் காண்பது ஏது என்று அவளுக்குத் தெரியும். அப்படிக் கப்பலேறிப் போன குழந்தைகள் பசுந்தாங்கில் வீட்டுக்கு வீடு உண்டு.

இங்கேதான் உங்களைக் கவனிக்கச் சொல்கிறேன். நான் அவளைக் கூட்டத்தில் பார்க்கவில்லை. இருநூறு முன்னூறு தலைகளுக்குள் எங்கோ இருந்திருக்கிறாள். ஆனால் அவள் கைகூப்பித்தான் இருப்பாள் என்று எனக்குத் திடமான நம்பிக்கை. ஆசிரியர் வீராசாமியின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். சற்றுமுன் கை தூக்கியது என்று தலைப்புப் போட்ட அதே மனிதர், இப்போது கும்பிட்டாள் என்று சொல்லித் தொலை என்கிறார். வாய் முரடே தவிர, அவர் மனசு வெற்றிலை மாதிரி இளசு. நான் ஒரு வார்த்தை சொன்னால் பெட்டி அவிழ்ந்துவிடும். குழந்தை இங்கேயே இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?

சொல்லிவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. வாய்வரை வந்தது. ஆனால் அதே பாயில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். அடுத்த வாரம் எவளாவது வேறு மாதிரி சொன்னால் என் பேச்சோடு மா சேனின் பேச்சும் சேர்ந்து போய்விடும். அதற்குப் பிறகு அந்த மனிதர் யாரையும் கேட்க மாட்டார், நேரே கப்பலுக்குத்தான் போவார். அதைவிட, பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்வதற்கும் ஏகமனதாக என்று எழுதுவதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கேள்வி எழுந்தது. அப்போது இவ்வளவு ஒழுங்காக யோசித்திருக்க மாட்டேன்.

"நான் அவங்களைப் பாக்கலை அண்ணே. பெரும்பாலும் எல்லாரும் பொங்கிக்குக் கும்பிட்டாங்க. அவங்க என்ன செஞ்சாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும்" என்றேன்.

ஆசிரியர் எரித்துவிடுவதுபோல் என்னைப் பார்த்தார். வீராசாமி மா சேன் பக்கம் திரும்பினார். அதுவரை அவர் தன் மனைவியிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டீக்கடையைக் கேட்டிருக்கிறார், மேஸ்திரியைக் கேட்டிருக்கிறார், பத்திரிகை ஆபீஸ் மாடிவரை ஏறி வந்து என்னைக் கேட்டுவிட்டார்.

"நீயே சொல்லு. தூக்கினியா?"

மா சேன் வழக்கமாக எங்களிடம் பர்மிய மொழியில்தான் பேசுவாள். அன்றைக்கு விறகுக் கடையில் கற்றுக்கொண்ட தமிழில் பேசினாள், சயா என்ற ஒரு சொல்லைத் தவிர; அது அவர்களுக்கு நம் ஐயா மாதிரி.

"தூக்கினேன். வக்கீல் சயா கேட்டாரு, ஒரு கை தூக்கினேன். அப்ப பொங்கி எந்திரிச்சாரு. இன்னொரு கையையும் சேத்துக் கும்பிட்டேன்."

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. கூப்பிய கை என்றால் தீர்மானத்துக்கு இல்லை என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன். ஒரே ஆள் இரண்டையும் செய்திருக்க முடியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆசிரியர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். வீராசாமி படியை நோக்கி நடந்தார். அவர் இறங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது. மா சேன் வழியை விட்டு நகரவில்லை.

"கோ வீராசாமி, நான் இன்னும் முடிக்கல" என்றாள். மரியாதைக்குரிய ஆண் பெயருக்கு முன்னால் அவர்கள் கோ என்று சேர்ப்பார்கள்; புருஷனை அவள் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள். "இந்த நாட்டை நாங்களே பாத்துக்கணுமான்னு கேட்டாரு. ஆமான்னு தூக்கினேன். இன்னைக்குக் கேட்டாலும் தூக்குவேன். உங்களை வீட்டை விட்டுப் போகச் சொல்லணுமான்னு யாரும் கேக்கலையே. கேட்டிருந்தா கையைக் கீழதான் வெச்சிருப்பேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எதுக்குப் பிள்ளை துணியைப் பெட்டியில வெச்சீங்க?"

வீராசாமி தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய முரட்டுக் கைகள் இரண்டும் துண்டைப் பிசைந்துகொண்டிருந்தன. கடைசியில், "பிள்ளை எங்க?" என்று கேட்டார். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்ததாக அவள் சொன்னாள். "சரி, நட" என்றார். இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். எங்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன்? கண் கலங்கியது. ஆசிரியருக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

அவர் பார்த்துவிட்டார் என்றே நினைக்கிறேன். தலைப்பு எழுதிய காகிதத்தை எடுத்துச் சுருட்டி எச்சில் படிக்கத்தில் போட்டார். என்னுடைய செய்தியைப் போடச் சொன்னார். அதன் அடியில் இன்னும் ஒரு பத்தி எழுதச் சொன்னார்: கூட்டத்தில் இருந்த ஒரு பெண்மணியைக் கேட்டபோது என்று தொடங்கி, பெயர் இல்லாமல், அவள் சொன்னதை மட்டும். இடம் இல்லை என்று சற்றுமுன் சொன்னீர்களே என்றேன். பல்பொடி விளம்பரத்தைத் தூக்கிக் கடாசு என்றார்.

அந்த இதழ் வந்ததும் எங்களை எல்லாரும் சேர்த்துத் திட்டினார்கள். பிரிவினைக்காரர்கள், தமிழன் பத்திரிகை எங்கள் தீர்மானத்தைக் கொச்சைப்படுத்துகிறது என்றார்கள். நம் ஆட்கள், பர்மாக்காரி ஒருத்தி பேச்சைப் போட்டுப் பிரிவினைக்கு வக்காலத்து வாங்குகிறான் என்றார்கள். சந்தாவை நிறுத்தினவர்களும் உண்டு. பூட்ஸ் நண்பர் எங்கள் செய்தியைப் படித்துவிட்டு, "நீ உள்ள இருந்தே, உனக்குத் தெரிஞ்சுது" என்று சிரித்தார். அவர் பத்திரிகையில் திருத்தம் எதுவும் வரவில்லை. கமிஷன் வந்து போயிற்று. எங்கள் இதழ்கள் யுத்தத்தில் குண்டு விழுந்தபோது அச்சகத்தோடு எரிந்துபோயின. அந்த ஆங்கிலப் பத்திரிகை மட்டும் எங்கோ ஒரு நூலகத்தில் பத்திரமாக இருந்திருக்கிறது. அதனால்தான் உங்கள் புத்தகத்தில் பசுந்தாங் ஏகமனதாகக் கை தூக்கிக்கொண்டே நிற்கிறது.

ஆகவே கட்டுரை எழுதப்போகிறவருக்கு என் பதில் இது. அந்த வரியில் பொய் இல்லை, ஆனால் அது படிக்குக் கீழே நின்று எழுதியது. என்னுடையது படிக்கு மேலே உட்கார்ந்து எழுதியது, அதுவும் போதவில்லை. நீங்கள் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். உள்ளே போய்விட்டோம், எல்லாம் தெரிந்துவிட்டது என்று எழுந்து வந்துவிடாதீர்கள். கை தூக்கினவர்களில் இரண்டு பேரையாவது நிறுத்தி எதற்காகத் தூக்கினீர்கள் என்று கேளுங்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், வெட்கத்தை விட்டால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் கழித்து நாடு உண்மையாகவே பிரிந்தது. பிரிவு அமலுக்கு வந்த அன்று, நம் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுத ஆசிரியர் என்னை அனுப்பினார். நடந்து நடந்து விறகுக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். வீராசாமிக்குத் தலை நரைத்திருந்தது. கட்டை பிளந்துகொண்டிருந்தார். மா சேன் கல்லாவில் இருந்தாள். ராஜாத்தி வளர்ந்து பெரிய பெண்ணாகி, வந்தவர்களுக்கு விறகு எடை போட்டுக்கொண்டிருந்தாள். பர்மா பிரிந்துவிட்டதே, என்ன அண்ணே நினைக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

அவர் கோடாலியைக் கீழே ஊன்றி நிமிர்ந்தார். கல்லாப் பக்கம் கையைக் காட்டினார்.

"அன்னைக்குக் கை தூக்கினது அவதான். அவகிட்டக் கேளுங்க தம்பி" என்றார்.